வாசனை இலை போட்ட சீஸ் ஃபாண்டூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிஸில் குளிர் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு மேசைக்கு வருவது ஃபாண்டூ. இங்கே வாழும் நம்மவர்களின் பிள்ளைகள் அதைப் பள்ளி முகாமிலோ நண்பர் வீட்டிலோ சாப்பிட்டுவிட்டு வந்து, "எங்கள் வீட்டிலும் செய்யுங்கள்" என்று கேட்கிறார்கள். ஊரில் இருப்பவர்களும் படங்களைப் பார்த்துவிட்டு விசாரிக்கிறார்கள். தைம், பார்ஸ்லி, வெங்காயத்தாள் போன்ற சைவ்ஸ் என்று பச்சை இலை போட்டுச் செய்யும் வகையைப் பற்றித்தான் சந்தேகங்கள் அதிகம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த ஃபாண்டூ நன்றாக வருமா வராதா என்பதை, எந்த இலை போடுகிறீர்கள் என்பதைவிட எந்த இலையை எப்போது போடுகிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஃபாண்டூவில் என்னதான் இருக்கிறது?

துருவிய சீஸ், புளிப்பான வெள்ளை வைன், கொஞ்சம் கார்ன்ஃப்ளோர், ஒரு பல் வெள்ளைப்பூண்டு, மிளகு, சாதிக்காய். சிலர் கடைசியில் செர்ரிப் பழத்தில் வடித்த கிர்ஷ் என்னும் மதுவைச் சிறிது விடுவார்கள். இவற்றைத் தடித்த சட்டியில் உருக்கி, மேசையில் சிறு அடுப்பின் மேல் வைத்து, நீண்ட முட்கரண்டியில் பாண் (பிரெட்) துண்டைக் குத்தித் தோய்த்து எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிடுவார்கள்.

இது மலையில் மாடு மேய்த்தவர்களின் பழைய உணவுதானா?

அப்படித்தான் விளம்பரங்களில் காட்டினார்கள். ஆனால் வைனில் சீஸைக் காய்ச்சும் பழைய சமையல் குறிப்பு ஒன்று சூரிச் நகரத்தில், 1699ஆம் ஆண்டுச் சமையல் ஏடு ஒன்றில் இருக்கிறது. ஃபாண்டூவுக்குப் போகும் கிருயேர் என்னும் சீஸ், நன்கு முதிர்ந்ததானால், அந்நாளில் விலை கொடுத்து விற்கும் பொருள். ஏழை மேய்ப்பரின் அன்றாடச் சாப்பாட்டுக்கு அது மலிவாகக் கிடைத்திருக்காது. நாடு முழுவதற்குமான உணவாக ஃபாண்டூ மாறியது 1930களில்தான். 1914இல் தொடங்கிய சுவிஸ் சீஸ் சங்கம், சீஸ் விற்பனையைக் கூட்டுவதற்காக இதைத் தேசிய உணவாகப் பரப்பியது. அந்தச் சங்கம் 1999இல் கலைக்கப்பட்டுவிட்டது, ஃபாண்டூ நிலைத்துவிட்டது. வாணிபத்துக்காகப் பரப்பியது என்பதால் அதன் சுவையோ, ஒரே சட்டியைச் சுற்றி உட்காரும் இன்பமோ எனக்குக் குறைந்து தெரியவில்லை.

எந்த சீஸ் வாங்க வேண்டும்?

இலை சேர்ப்பதாக இருந்தால் ஃப்ரிபூர் மாநிலத்தின் 'மொய்த்தியே மொய்த்தியே' கலவைதான் என் தேர்வு: பாதி கிருயேர், பாதி வஷ்ரன் ஃப்ரிபூர்ஜுவா. கிருயேர் உப்பும் ஆழமும் தரும். வஷ்ரன் வெண்ணெய் போல மிருதுவாக உருகும். நொயெஷாத்தெல் பக்கத்தில் கிருயேரோடு எமென்டால் சேர்ப்பார்கள். அது சற்று இனிப்பாகவும் இழுபடுவதாகவும் இருக்கும்.

கிருயேரில் வயது முக்கியம். குறைந்தது 5 மாதம் முதிர்ந்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம். 8 முதல் 10 மாதம் ஆனது ஃபாண்டூவுக்கு நல்லது. மிக முதிர்ந்ததை மட்டும் போட்டால் காரம் ஏறி, பச்சை இலையின் மணம் அதனடியில் புதைந்துவிடும்.

அப்பென்செல்லர் சேர்ப்பவர்களும் உண்டு. அந்த சீஸ் முதிரும் காலத்தில் அதன் தோலை 25க்கும் மேற்பட்ட மூலிகைகள் ஊறிய கரைசலால் துடைத்துத் துடைத்து வளர்க்கிறார்கள். அதற்கே ஒரு மூலிகை மணம் உண்டு என்பதால் மொத்த சீஸில் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை: கிளாரஸ் மாநிலத்தின் ஷாப்சீகர். சிறிய பச்சைக் கூம்பு வடிவில், ஆடை எடுத்த பாலில் செய்யும் கட்டி. அதன் செய்முறைக்கும் முத்திரைக்கும் அந்த மாநில மக்கள் மன்றம் 1463இலேயே விதி வகுத்துவிட்டது. அதற்கு மணம் தருவது வெந்தயத்தின் உறவான நீலப்பூ பூக்கும் ஒரு செடி. மூக்கருகே கொண்டுபோனால் நம் வீட்டுக் கறித்தூள் டப்பாவைத் திறந்தது போலவே இருக்கும். அது உருகாது. பொடியாகத் துருவி ஒரு தேக்கரண்டி அளவு கடைசியில் தூவினால், இலை போட்ட ஃபாண்டூவுக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை.

பனீர் போட்டுச் செய்யலாமா? மொஸரெல்லா?

பனீர் உருகாது. கொதிக்கும் பாலில் புளிப்பு சேர்த்துத் திரிக்கும்போதே அதன் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. திரும்பச் சூடாக்கினால் தண்ணீர் விட்டு இன்னும் இறுகும். ரென்னெட் என்னும் நொதி போட்டுத் திரித்து முதிர வைத்த சீஸில் நடப்பது வேறு. அங்கே கேசின் புரதவலையைக் கால்சியம் பிடித்து வைத்திருக்கிறது. வைனில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ள, வலை தளர்ந்து, கொழுப்பும் நீரும் பிரியாமல் பாயும். ஃபாண்டூவில் வைன் இருப்பதற்கு மணத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

மொஸரெல்லா உருகும், ஆனால் இளம் சீஸ் என்பதால் நூல் நூலாக இழுபடும். பீட்சாவுக்கு அது அழகு, இங்கே தொல்லை. செடாரும் கௌடாவும் பரவாயில்லை.

நான் தமிழ்நாட்டில் இருக்கிறேன். கிருயேர் விலையைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. என்ன செய்வது?

கிருயேரைத் தேடி அலைய வேண்டாம். கொடைக்கானல், குன்னூர், ஆரோவில் ஆகிய இடங்களில் சீஸ் செய்யும் பண்ணைகள் இருக்கின்றன; கௌடா, செடார் வகைகள் அங்கிருந்து நகரக் கடைகளுக்கும் வருகின்றன. முதிர்ந்த கௌடா 300 கிராம், முதிர்ந்த செடார் 200 கிராம், கடையில் விற்கும் பதப்படுத்திய சீஸ் 100 கிராம் என்று எடுங்கள். மூன்று பேருக்குப் போதும். பதப்படுத்திய சீஸில் ஏற்கெனவே உருகலைச் சேர்த்துப் பிடிக்கும் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்புகள் உண்டு. அந்த 100 கிராம் முழுச் சட்டியையும் பிரியாமல் காப்பாற்றும். மெல்லிய உறையில் சுற்றி வரும் சாண்ட்விச் சீஸை மட்டும் வைத்துச் செய்தால் உப்புக் கூழ்தான் கிடைக்கும்.

இது சுவிஸ் ஃபாண்டூவின் சுவையைத் தராது. இலை மணத்தோடு சேரும்போது அதற்கென்று ஒரு நல்ல சுவை இருக்கும்.

நாங்கள் சைவம். சாப்பிடலாமா?

இதைக் கேட்டுவிட்டு வாங்குவதுதான் சரி. மரபான கிருயேரைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான் திரிக்கிறார்கள். சுத்த சைவமாக இருப்பவர்களுக்கு அது ஆகாது. நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த சீஸ்களும் சந்தையில் உண்டு, பொதியில் எழுதியிருப்பார்கள். இந்தியாவில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கலாம். வீட்டுக்கு அழைத்திருக்கும் விருந்தினர் சைவமானால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எந்த இலைகள் சீஸோடு சேரும்?

இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள். தைம், ரோஸ்மேரி, சேஜ், ஆரிகனோ போன்றவை தண்டு தடித்தவை. இலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், சூட்டைத் தாங்கும். சைவ்ஸ், பார்ஸ்லி, செர்வில், டாரகன், டில், பேசில் மென்மையானவை. சூடு பட்டதும் மணம் பறந்துவிடும்.

என் வீட்டில் அடிக்கடி போவது தைமும் சைவ்ஸும். தைம் கிருயேரின் கொட்டைச் சுவையோடு ஒட்டிக்கொள்ளும்; சைவ்ஸ் கொழுப்பை வெட்டும். பார்ஸ்லியைத் தாராளமாகப் போடலாம், அது யாரையும் அடக்காது. டாரகனில் பெருஞ்சீரகத்தின் இனிப்பு மணம் உண்டு. 4 பேருக்கு அரைத் தேக்கரண்டியைத் தாண்டினால் மேசை முழுவதும் அதுதான் மணக்கும். மரு என்று நாம் பூவோடு கட்டும் இலை, இங்கே மார்ஜோரம் என்ற பெயரில் சமையலுக்குப் போகிறது. ஃபாண்டூவில் அது மிக நன்றாக இருக்கும். ரோஸ்மேரியைக் கண்டு எச்சரிக்கையாக இருங்கள், ஒரு சிறு காம்பு போதும். புதினாவை நான் சேர்ப்பதில்லை. உருகிய சீஸில் அதன் குளிர்ச்சி பற்பசையை நினைவூட்டுகிறது.

ஒரே சட்டியில் மூன்று வகைக்கு மேல் போடாதீர்கள். ஏழெட்டு இலை கலந்தால் எதுவும் தெரியாமல் பொதுவாக ஒரு 'பச்சை வாசம்' மட்டும் மிஞ்சும்.

சரி, எப்போது போடுவது?

தடித்த இலைகளை வைனில், சீஸுக்கு முன்னால் போட வேண்டும். சட்டியில் வைனை ஊற்றி, தைம் காம்புகள் 3 அல்லது ரோஸ்மேரி காம்பு 1 போட்டு, மிகச் சிறு தீயில் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். அடுப்பை அணைத்து மூடி 10 நிமிடம் வையுங்கள். பிறகு காம்புகளை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் கசப்பு இறங்கும்; ரோஸ்மேரி ஊசிகள் பாணோடு வாயில் குத்தும். தைம் இலைகளை உருவிப் போட்டிருந்தால் அவை இருக்கலாம், மெல்லியவைதான்.

இந்த மணங்கள் பெரும்பாலும் எண்ணெய்ப் பொருட்கள். தண்ணீரில் நன்றாகக் கரையாது, மதுவிலும் கொழுப்பிலும் கரையும். வைன் முதலில் அதைப் பிடித்துக்கொள்கிறது, பின்னர் சேரும் சீஸின் கொழுப்பு அதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் தைம் மணம் கடைசித் துண்டுவரை நிற்கிறது. வைன் இல்லாமல் செய்பவர்கள் தடித்த இலைகளை ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் மெதுவாக வதக்கி, அந்த வெண்ணெயைச் சட்டியில் சேர்க்கலாம்.

மென்மையான இலைகளுக்கு நேர்மாறான வழி. ஃபாண்டூ முழுதும் உருகி, சட்டி அடுப்பிலிருந்து மேசைக்குப் போகும் தறுவாயில் போட்டு இரண்டு சுற்றுக் கிளறுங்கள், போதும். முதலிலேயே போட்டால் மணம் போவதோடு நிறமும் போகும். இலைக்குப் பச்சை தருவது பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம். புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது வெளியேறி, இலை சாணிப் பச்சையாக மாறிவிடும். வைன் கலந்த ஃபாண்டூவில் புளிப்பும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. மேசையில் அரை மணி நேரம் எரியும் அடுப்பின் மேல் நிற்கப்போகும் சட்டி அது. ஆகவே நறுக்கிய இலையில் பாதியை மட்டும் சட்டியில் போட்டு, மீதியைச் சிறு கிண்ணத்தில் மேசைமேல் வையுங்கள். தோய்த்த துண்டை அவரவர் அதில் ஒருமுறை புரட்டிச் சாப்பிடட்டும். பச்சை மணமும் உருகிய சீஸும் வாயில்தான் முதன்முதலாகச் சந்திக்கும். எத்தனையோ விதமாகச் செய்தும் எனக்கு இதுவே மிகவும் பிடித்திருக்கிறது.

இலையைக் கழுவினால் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்திவிட்டு நறுக்குங்கள். ஈர இலை கத்தியடியில் நசுங்கி, மணம் பலகையில் தங்கிவிடும். சைவ்ஸைக் கத்தரிக்கோலால் வெட்டுவது இன்னும் நல்லது.

காய்ந்த இலை போடலாமா?

தைம், ஆரிகனோ, மார்ஜோரம் போடலாம். பச்சை இலையின் அளவில் மூன்றில் ஒரு பங்கு, வைனோடு சேர்த்தே. காய்ந்த பார்ஸ்லியும் சைவ்ஸும் வைக்கோல்தான். வாங்க வேண்டாம்.

கொத்தமல்லி, கறிவேப்பிலை?

முதிர்ந்த கிருயேரோடு கொத்தமல்லி சண்டை பிடிக்கும். இரண்டுக்கும் கூர்மையான மணம், ஒன்று மற்றொன்றுக்கு விட்டுக்கொடுக்காது. கௌடா, செடார் கலவையில் கொத்தமல்லியும் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாயும் நன்றாகவே இருக்கும். கறிவேப்பிலையைப் பச்சையாகப் போடாதீர்கள். வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து நொறுக்கிக் கிண்ணத்தில் வைத்தால் பாண் துண்டில் ஒட்டி அருமையாக வரும். இதைச் சுவிஸ் முறை என்று யாரும் சொல்லப்போவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

வசந்தத்தில் காட்டில் பறிக்கும் பேர்லாவுக் என்னும் காட்டுப்பூண்டு இலையைப் போடலாமா?

போடலாம், சுவையில் அதற்கு நிகரில்லை. மார்ச், ஏப்ரலில் சுவிஸ் காடுகளின் ஈரமான அடிநிலம் முழுவதும் வெள்ளைப்பூண்டு மணத்தோடு விரிந்து கிடக்கும். ஆனால் பறிப்பவர் இலையை அறிந்தவராக இருக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், அதைப் போலவே தோன்றும் இரண்டு நஞ்சுச் செடிகள் முளைக்கின்றன. ஒன்று மைக்ளோக்கென் என்ற மணிப்பூச் செடி. இன்னொன்று ஹெர்ப்ஸ்ட்சைட்லோசே; அதில் இருப்பது கொல்கிசின், நம் கார்த்திகைப்பூக் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு. அதைத் தின்று உயிர் போனவர்கள் உண்டு.

பேர்லாவுக்கில் ஒவ்வோர் இலையும் தனித்தனிக் காம்போடு நிலத்திலிருந்து வரும். மணிப்பூச் செடியில் ஒரே தண்டில் இரண்டு இலைகள் இருக்கும். மற்றதில் காம்பே இல்லாமல் அடியிலிருந்து இலைகள் கொத்தாக எழும். கசக்கி மோந்து பார்ப்பது முதல் இலைக்கு உதவும். அதன்பிறகு கை முழுவதும் அதே மணம் ஏறியிருப்பதால் அதை நம்பக்கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறியுங்கள். சிறிதும் சந்தேகமிருந்தால் விட்டுவிட்டுக் கடையில் வாங்குங்கள். அந்தப் பருவத்தில் கடைகளிலும் சந்தைகளிலும் கட்டுக் கட்டாக விற்கிறார்கள்.

அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

4 பேருக்கு: கிருயேர் 400 கிராம், வஷ்ரன் 400 கிராம், புளிப்பான வெள்ளை வைன் 350 மில்லிலீட்டர், கார்ன்ஃப்ளோர் 2 மேசைக்கரண்டி, வெள்ளைப்பூண்டு 1 பல், தைம் 3 காம்பு, நறுக்கிய சைவ்ஸ் 3 மேசைக்கரண்டி, நறுக்கிய பார்ஸ்லி 2 மேசைக்கரண்டி, மிளகு, சாதிக்காய். உப்பு வேண்டாம், சீஸிலேயே இருக்கிறது. பாண் ஆளுக்கு 200 கிராம்.

கிருயேரைத் துருவி கார்ன்ஃப்ளோரில் பிரட்டி வையுங்கள். வஷ்ரன் மிருதுவானது, சிறு துண்டுகளாக வெட்டினால் போதும். பூண்டை வெட்டிச் சட்டியின் உட்புறம் முழுவதும் தேயுங்கள். பூண்டு பிடித்தவர்கள் அதை நசுக்கி உள்ளேயே போட்டுவிடலாம். வைனில் தைமை ஊறவைத்து எடுங்கள். மறுபடி அடுப்பை மெல்ல எரியவிட்டு, கிருயேரைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேருங்கள்; ஒன்று கரைந்தபின் அடுத்தது. மரக்கரண்டியால் எட்டு வடிவில் கிளறுவது இங்குள்ள வழக்கம். வட்டமாகவே சுற்றினால் நடுவில் சீஸ் உருண்டு திரளும், எட்டுப் போட்டால் சட்டியின் எல்லா இடமும் கரண்டி படும்.

கிருயேர் முழுதும் கரைந்து ஓரத்தில் சிறு குமிழிகள் எழும்போது கார்ன்ஃப்ளோர் வெந்து கலவை கெட்டிப்படும். அந்த நிலை வந்தபின் தீயை நன்றாகக் குறைத்து வஷ்ரனைச் சேருங்கள். இனிக் கொதிக்கவே கூடாது. வஷ்ரன் குறைந்த சூட்டில் உருகும் சீஸ். கொதித்தால் எண்ணெய் விடும். தோசைமாப் பதத்தில் கரண்டியைப் போர்த்தி வழிந்தால் சரி. மிளகு, சாதிக்காய், பிறகு இலைகள், உடனே மேசைக்கு.

வைன் இல்லாமல் செய்ய முடியுமா? காய்ச்சினால் மது போய்விடுமே?

முழுதாகப் போகாது. ஃபாண்டூவை நீண்ட நேரம் கொதிக்கவிடுவதில்லை என்பதால் ஒரு பங்கு மது தங்கியே இருக்கும். பிள்ளைகளுக்கும், மது தொடாதவர்களுக்கும் வேறாகச் செய்யுங்கள். 250 மில்லிலீட்டர் தண்ணீர், 100 மில்லிலீட்டர் இனிப்பில்லாத ஆப்பிள் சாறு, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய் (எலுமிச்சை) சாறு. இந்தப் புளிப்பு கட்டாயம் வேண்டும், சீஸைத் தளர்த்துவது அதுதான். திராட்சைச் சாறு பொதுவாகத் தித்திக்கும்.

ஃப்ரிபூரில் வஷ்ரனை மட்டும் வெறும் தண்ணீரில் உருக்கிச் செய்யும் ஃபாண்டூவும் மரபில் இருக்கிறது. வைனும் கிடையாது, மாவும் கிடையாது. தீயை மிக மிகக் குறைவாக வைக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஏற்றது. மென்மையான இலைகள் அதில் மிகத் தெளிவாக மணக்கும்.

கார்ன்ஃப்ளோர் அவசியமா?

அவசியம். மஞ்சள் சோள மாவைச் சொல்லவில்லை. வெள்ளையான, நறநறவென்றிருக்கும் மாச்சத்துத் தூளைச் சொல்கிறேன். சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஃபாண்டூ எப்படிப் பாய்கிறது, எப்போது பிரிகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். பிரியாமல் நிற்க ஏறக்குறைய 3 விழுக்காடு மாச்சத்து தேவை என்பது அவர்கள் முடிவு. வீட்டுக் குறிப்புகளில் அதைவிடக் குறைவாகவே போடுவார்கள். கை பழகியவருக்கு அது போதும். முதல்முறை செய்பவர் மேலே சொன்ன அளவில் இன்னொரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம்.

எண்ணெய் தனியாக, சீஸ் தனியாகப் பிரிந்துவிட்டது. கொட்டிவிடவா?

கொட்ட வேண்டாம். சட்டியை இறக்குங்கள். ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளோரை இரண்டு மேசைக்கரண்டி வைனிலோ தண்ணீரிலோ கரைத்து, ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறும் சேர்த்து ஊற்றி, கம்பிக் கிளறியால் வேகமாக அடியுங்கள். பிறகு மெல்லிய தீயில் வைத்து அடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். நூலாக இழுபட்டாலும் தேசிக்காய்ச் சாறுதான் மருந்து. மேசையில் நின்று நின்று இறுகினால் சூடான வைனைக் கொஞ்சம் விடுங்கள். குளிர்ந்த வைனை விட்டால் அது திரளும்.

அதற்கென்று தனிச் சட்டி வாங்க வேண்டுமா?

சுவிஸில் கக்லோன் என்று கைப்பிடி வைத்த மண் சட்டியோ எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டியோ பயன்படுத்துவார்கள். அடி தடித்து, சூட்டைச் சமமாகப் பரப்பும் எந்தச் சட்டியும் போதும். பழக்கிய கல்சட்டி இருந்தால் அது சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும். மண் சட்டியைப் போலவே அதையும் சிறு தீயில் தொடங்கித்தான் சூடாக்க வேண்டும். மெல்லிய அலுமினியம் மட்டும் வேண்டாம், அடிப்பிடிக்கும்.

மேசை அடுப்பில் கவனிக்க வேண்டியது என்ன?

எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் எரிபொருளை ஊற்றாதீர்கள். ஸ்பிரிட்டின் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றும்போதுதான் தீப்பற்றிப் பெரும் காயங்கள் ஏற்படுகின்றன. அணைத்து, ஆறவிட்டு, பிறகு நிரப்புங்கள். பசை வடிவில் சிறு கிண்ணங்களில் வரும் எரிபொருள் வாங்குவது நல்லது. சிறு பிள்ளைகள் இருக்கும் மேசையில் விரிப்பு போடாதீர்கள், ஒரு மூலையை இழுத்தால் சட்டி கவிழும்.

எதைத் தோய்த்துச் சாப்பிடுவது?

ஒரு நாள் பழைய, மேலோடு மொறுமொறுப்பான வெள்ளைப் பாண். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் மேலோடு இருக்கும்படி வெட்டி, முட்கரண்டியை உள்ளிருந்து மேலோட்டுக்குள் குத்துங்கள், விழாது. துண்டைச் சட்டியில் விட்டவருக்கு ஒரு சிறு தண்டனை என்பது இங்குள்ள வழக்கம். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைவிட அதில்தான் கொண்டாட்டம். சாண்ட்விச் பாண் கரைந்துவிடும். ஊரில் என்றால் புதுச்சேரி பகெத் மிகப் பொருத்தம்.

சிறிய உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து வைக்கலாம். வினிகரில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சும் சின்ன வெங்காயமும் பக்கத்தில் இருந்தால் கொழுப்புத் திகட்டாது.

ஃபாண்டூவோடு தண்ணீர் குடித்தால் சீஸ் வயிற்றில் கட்டியாகிவிடுமாமே?

சுவிஸ் பாட்டிகள் உறுதியாகச் சொல்வது இது: வைன் அல்லது சூடான கறுப்புத் தேநீர் மட்டும்தான் குடிக்க வேண்டும். சூரிச்சின் மருத்துவர்கள் 20 பேருக்கு ஃபாண்டூ கொடுத்து, வைன், கறுப்புத் தேநீர், கிர்ஷ், தண்ணீர் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மதுதான் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தியது. தேநீரையே நான் பரிந்துரைப்பேன். வெதுவெதுப்பும் துவர்ப்பும் அடுத்த வாய்க்கு நாக்கைத் தெளிவாக்கிவிடும்.

சட்டியின் அடியில் பிடித்ததை என்ன செய்வது?

அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. 'ரெலிஜியூஸ்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. சட்டி காலியானதும் சிறு தீயில் இன்னும் சற்று நேரம் விட்டு, பொன்னிறமானதும் அணைத்துக் கத்தியால் பெயர்த்தெடுத்து எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுங்கள். இலைத் துணுக்குகள் அதில் பொரிந்திருக்கும். அப்போது கரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீஸைவிட இலை சீக்கிரம் கரியும்.

மீந்ததை எடுத்து வைக்கலாமா?

உடனே ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும். சூடாக்கும்போது பச்சை நிறம் போயிருக்கும், புதிய இலை கொஞ்சம் தூவுங்கள். கொஞ்சமே மீந்திருந்தால் சட்டியிலேயே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிப் பாணில் வழித்துச் சாப்பிடுவதும் உண்டு. எனக்கு அவித்த உருளைக்கிழங்கின் மேல் பரப்பி ஓவனில் மேற்பகுதி சிவக்கும்வரை வைப்பது பிடிக்கும்.

அடுத்த முறை வேறுவிதமாகச் செய்ய ஆசை. என்ன முயலலாம்?

வலே மாநிலத்தின் தக்காளி ஃபாண்டூ. பழுத்த தக்காளி 300 கிராமைத் தோலுரித்து நறுக்கி, பூண்டோடும் ஆரிகனோவோடும் வைனில் கரைய வேகவிட்டு, அதில் சீஸை உருக்குவார்கள். பாணில் தோய்க்காமல், தட்டில் நசுக்கிய உருளைக்கிழங்கின் மேல் கரண்டியால் ஊற்றிச் சாப்பிடுவது அந்த ஊர் முறை. தக்காளியின் புளிப்பு இருப்பதால் சீஸ் எளிதில் பிரியாது. பேசிலைக் கையால் கிள்ளி, தட்டில் ஊற்றியபின் போடுங்கள்.